ஆட்டுக்கடாவில் போனவள்

என் கணவர் வரதராஜா ஒரு காசுக்குக் கொடுத்த விலையில் டல்லாஸ் பக்கத்து ஆலனில் இன்னொரு வீடு வாங்கியிருக்கலாம். இதை அவருக்கு நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. அவர் மயக்க மருந்து டாக்டர். ஆட்களைப் பேசாமல் படுக்கவைப்பதுதான் தொழில். அந்த வித்தை வீட்டில் என்னிடம் மட்டும் பலிக்கவில்லை.

தங்கக் காசு அது. கிரேக்கர் காலத்தது, இரண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கும் மேல் பழையது. லம்சாக்கஸ் என்று ஒரு துறைமுகப் பட்டினமாம். கருங்கடலுக்குப் போகிற வருகிற கப்பலெல்லாம் அதன் வாசலால்தான் போகவேண்டுமாம், அதனால் நல்ல வியாபாரமாம். ஒரு பக்கத்தில் செட்டை முளைத்த குதிரை, அதுவும் முன்பாதி மட்டும். மற்றப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை, பாய்கிற ஆட்டுக்கடாவின் முதுகில் ஒரு பக்கமாக இருக்கிறாள். விரல் நகத்தளவு உருவம்தான், ஆனால் உடுப்பின் மடிப்புக்கூடத் தெரியும். காசு முழு வட்டமும் இல்லை. ஒரு ஓரம் நசிந்து, ஆரோ அவசரத்தில் தட்டிய வடை மாதிரி இருக்கும்.

அந்தப் பிள்ளையின் பெயர் ஹெல்லி. அவளுக்கு ஒரு அண்ணன். சின்னம்மாக்காரி இரண்டு பேரையும் கொல்லப் பார்க்க, பெற்ற தாய் பொன்மயிர் ஆட்டுக்கடா ஒன்றை அனுப்புகிறாள். அது இரண்டு பேரையும் முதுகில் ஏற்றிக்கொண்டு கடலுக்கு மேலால் பறக்கிறது. ஒடுக்கமான ஒரு கடலைத் தாண்டும்போது தங்கை வழுகி விழுந்துவிடுகிறாள். அண்ணன் தப்பிப் போய்ச் சேருகிறான். அந்தக் கடலுக்கு அவளுடைய பெயரையே வைத்துவிட்டார்கள். லம்சாக்கஸ் இருந்தது அந்தக் கடற்கரையில்தான்.

முதல் முதல் இந்தக் கதையை அவர் சொன்னபோது எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஒரு பெண்பிள்ளை விழுந்து செத்த கடலின் கரையில் இருந்துகொண்டு, அவளையே காசில் அடித்து யாவாரம் பண்ணின ஊரும் ஒரு ஊரோ என்று கேட்டேன். பிறகு காசை வாங்கிப் பார்த்துவிட்டு, அண்ணன்காரன் எங்கே, ஆட்டில் இவள் மட்டும்தானே இருக்கிறாள் என்றும் கேட்டேன். அவர் காசைத் திருப்பி வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

அவருக்கும் ஒரு தங்கை இருந்தாள். வதனி. எங்கள் கலியாணத்தின்போது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. என் மகன் சேந்தனை இடுப்பில் இறக்காமல் வளர்த்தவள் அவள்தான். அவனுக்குச் சோறு தீத்தும்போது என்னைக் கிட்டவும் விடமாட்டாள். எனக்கு அவளோடு எவ்வளவு சண்டையோ அவ்வளவு வாரப்பாடு. தொண்ணூற்றிரண்டில் நானும் சேந்தனும் முதலே கொழும்புக்குப் போய்விட்டோம். பின்னால் அவரும் வதனியும் கிளாலிக் கடலேரியால் வெளிக்கிட்டார்கள். யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற அந்த நாளில் அதுதான் வழி. விளக்கில்லாத வள்ளங்கள், நேவிக்காரன் கண்டால் சுடுவான். கண்டான், சுட்டான். வள்ளம் ஒரு பக்கம் சரிந்தது. அவருடைய ஒரு கையில் வள்ளத்தின் விளிம்பு, மற்றக் கையில் அவருடைய டாக்டர் சேர்ட்டிபிக்கட்டுகள் இருந்த பை. வதனி எந்தப் பக்கத்தால் விழுந்தாள் என்றுகூட அவருக்குத் தெரியாது.

அந்தப் பையில் இருந்ததை வைத்துத்தான் நாங்கள் டெக்சாஸில் சோறு தின்கிறோம். இதை நான் அவருக்குச் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

உடம்பு கிடைக்கவில்லை. உடம்பைக் காட்டுங்கோ, பிறகு கிரியை செய்யிறன் என்று அவருடைய தாய், என் மாமி, ஒரே பிடியாக நின்றா. அப்படியே நின்று அவவும் செத்துப்போனா. வதனிக்கு ஒரு கொள்ளி இல்லை, ஒரு எட்டுச் செலவு இல்லை, ஒரு திவசம் இல்லை. இரண்டாயிரத்து இரண்டில், சமாதான காலத்தில், அவர் வன்னிப் பேப்பர்களில் அவளுடைய படத்தைப் போட்டு விசாரித்தார். ஒருவரும் பதில் போடவில்லை. அந்த வருஷம்தான் டல்லாஸில் ஒரு காசுக் கண்காட்சியில் இந்தப் பொன்னைக் கண்டார். வேலையால் வந்ததும் பூதக்கண்ணாடியோடு அதற்கு முன்னால் போய் இருந்துவிடுவார். கதையின் இன்னொரு வடிவத்தில் ஹெல்லி சாகவில்லையாம். கடல் தெய்வம் அவளைப் பிடித்துத் தன்னோடு வைத்துக்கொண்டதாம். அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாது. பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். செத்தவளை இவர் சாக விடுகிறாரில்லையே என்று இருக்கும். அவள் செத்துவிட்டாள் என்று எத்தனையோ தரம் முகத்துக்கு நேரே சொல்லியுமிருக்கிறேன்.

இப்படி இருக்கத்தான் இரண்டாயிரத்து ஒன்பது பிறந்தது. மே மாதத்தோடு அங்கே யுத்தம் முடிந்தது, எல்லாமும் முடிந்தது. அதற்குப் பிறகு எங்கள் ஆட்களின் வீடுகளில் டெலிபோன் அடித்தால் எடுக்கப் பயம். முகாம்களில் இருந்து ஒவ்வொரு பெயராக வந்துகொண்டிருந்தது.

அதே நேரத்தில்தான் சேந்தனின் கலியாணம். பொம்பிளை தர்சனா, ஹூஸ்டன் பக்கத்துப் பேர்லேண்ட் பிள்ளை. இந்த நேரத்தில் கலியாணமோ என்று சிலர் முகத்துக்கு நேரே கேட்டார்கள். எனக்கும் ஆசையில்லை. ஆனால் தர்சனாவின் அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். ஹூஸ்டனில் டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். மகளின் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்கவேண்டும் என்று அந்த மனுசன் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். எங்கள் பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால், கேட்ட நாளில் இருந்து முப்பத்தொரு நாள் துடக்கு. அந்த நாட்களுக்குள் நல்ல காரியம் ஒன்றும் செய்யக்கூடாது. ஒரு மாதம் தள்ளிப்போனால் சம்பந்தி இருக்கமாட்டார். அதனால் எந்தப் பெயரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடக்கூடாது என்று நான் ஒவ்வொரு நாளும் சாமியறையில் கெஞ்சினேன். ஊரிலே சனம் செத்துக் குவிந்து கிடக்க, என்னுடைய மன்றாட்டம் இப்படி இருந்தது. என்ன செய்ய?

கலியாணத்துக்கு முதல் மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கு. தாலிக்கான பொன்னை, ஒரு பவுண் காசை, நல்ல நேரம் பார்த்துச் சனத்துக்கு முன்னால் உருக்குவது. இந்தியாக்காரர் சிலருக்கு இதைச் சொன்னால் புதினமாகப் பார்ப்பார்கள். எங்களுக்கு அது இல்லாமல் தாலி இல்லை. ஒரு யாழ்ப்பாணத்து மனுசன் ஒற்றைப் பொற்காசைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் அது மகனின் பொன்னுருக்குக்கு என்றுதான் ஊர் நினைக்கும். திருமூர்த்தியும் அப்படித்தான் நினைத்தார். அவர் ப்ளேனோவில் இருக்கிற எஞ்சினியர், இவருடைய சிநேகிதர். உங்கட பழைய காசு கடைசியில உபயோகப்படப் போகுது என்று பகிடியாகச் சொல்ல, இவர் எழும்பி வெளியே போய்விட்டார். நான் கொழும்பில் இருந்து ஒரு பவுண் எடுப்பித்து, மஞ்சள் துணியில் முடிந்து சாமியறையில் வைத்தேன்.

பொன்னுருக்குக் கிழமை முழுக்க மனுசன் ஒரு மாதிரியாகத்தான் இருந்தார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். ஒரு போன் கோல் வரவேணும் என்று சொல்லி காருக்குள்ளேயே இருந்துவிட்டார். வீட்டில் சாமியறைப் பக்கம் போகவில்லை. சவரம் செய்யவில்லை. பொன்னுருக்கு அன்று காலையில் நரைத் தாடியோடு வந்து நிற்க, நான் பேசாத பேச்சில்லை. படம் பிடிக்கிறார்கள், மகனுடைய முகத்துக்காகவாவது வழித்துவிட்டு வாருங்கள் என்று கத்தினேன். பிளேட் வெட்டும் என்றார். நாளாந்தம் ஆட்களின் முதுகில் ஊசி ஏற்றுகிற மனுசனுக்கு பிளேட் வெட்டுமாம்.

பத்தர் இர்விங்கில் ஒரு நகைக்கடையில் வேலை செய்கிற பிச்சுமணி. தமிழ்நாட்டுக்காரர். இது என்ன சடங்கு என்று அவருக்குத் தெரியாது, சொன்னதைச் செய்கிற ஆள். காஸ் டோர்ச் கொண்டுவந்திருந்தார். நான் விடவில்லை. சிரட்டைக்கரியும் உமியும் சட்டியும் எடுத்து வைத்து, அதற்கு மேல் அவருடைய குகையை வைக்கச் சொன்னேன். பொன் உருகுகிற அந்தச் சின்ன மண்கிண்ணத்துக்கு அவர்கள் குகை என்றுதான் சொல்கிறார்கள். வீட்டுக்குள் செய்தால் ஸ்மோக் அலாரம் அடித்து பயர்காரர் வந்து நிற்பார்கள் என்று பின்முற்றத்தில் பந்தல் போட்டோம். ஜூன் மாத வெயில் காலையிலேயே கொளுத்தியது. நெருப்பு வேறு. பட்டுச்சீலைக்காரிகள் எல்லாரும் வேர்த்துக் கொட்ட நின்றார்கள்.

சடங்கை நடத்தியது பர்வதம் அன்ரி. டல்லாஸில் எங்கள் ஆட்களுக்கு நல்லதோ கெட்டதோ எல்லாம் அவதான். கலியாணத்தில் வாழ்த்தி அறுகரிசி போடுகிற முறையையும் அவதான் சொல்லிக் கொடுப்பா. பியூனரல் ஹோமில் வாய்க்கரிசி போடப் பிள்ளைகள் முழித்துக்கொண்டு நிற்கும்போது, கையை இப்படிப் புறத்தாலே திருப்பிப் போடு மோனை, நேர்க்கையாலே போட்டால் அது ஆசீர்வாதம் என்று காட்டிக் கொடுப்பவவும் அவதான். குத்துவிளக்கை வீட்டுத் தலைவன் ஏற்றவேண்டும் என்றா. இவர் திருமூர்த்தியைக் கூப்பிட்டு, நீர் ஏற்றும், எனக்குக் கை நடுங்குது என்றார். எல்லார் முன்னாலும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ எல்லாம் பரப்பி, மஞ்சள் முடிச்சை எடுக்கச் சாமியறைக்குத் திரும்பினேன். அதற்குள் பர்வதம் அன்ரி நேரம் வந்துவிட்டது, பொன்னைக் குடுங்கோ தம்பி என்றா. நான் திரும்பிப் பார்க்க, இவர் தட்டத்தைத் தொடாமல் அதைச் சுற்றி வந்து, பிச்சுமணிக்கு முன்னால் குந்தி, பொத்திய கையைக் குகைக்கு நேரே திறந்தார். விழுந்த காசு வட்டமாக இல்லை. ஒரு ஓரம் நசிந்திருந்தது.

சத்தம் போட ஏலாது, சுபநேரம். பிச்சுமணி டோர்ச்சையும் சேர்த்துப் பிடித்தார். நான் ஓடிப்போய்க் கிட்ட நின்று பார்த்தேன். ஆட்டுக்கடாப் பக்கம் மேலே கிடந்தது, அவளும் மேலே கிடந்தாள். முதலில் ஓரமெல்லாம் சிவந்தது. பிறகு ஆட்டின் கால்கள் கரைந்தன, பிறகு அவளுடைய உடுப்பு. முகம் கடைசி மட்டும் இருந்தது என்று நினைக்கிறேன், அல்லது நான்தான் அப்படிப் பார்த்தேனோ தெரியாது. ஒரு சுழலோடு எல்லாம் வழவழவென்று ஒரு துளியாகக் கூடிவிட்டது. இரண்டாயிரத்து முந்நூறு வருஷம் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் போய்விட்டது.

"அருமையான தங்கம்மா. செம்பே கெடையாது போல. எந்தக் கடைல வாங்கினீங்க?" என்று பிச்சுமணி கேட்டார்.

எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்தது. துக்கத்தில் இல்லை. சந்தோசத்தில் என்பதை வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கடைசியில் இந்த மனுசன் தங்கையை விட்டுவிட்டார், மகனுக்காக விட்டுவிட்டார் என்று நினைத்தேன். அந்தக் காசை அழிப்பது பாவம் என்று படித்தவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். எனக்கு ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது. தாடியைப் பற்றிப் பேசியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்கவேண்டும் போல இருந்தது.

சேந்தனும் கண்டுவிட்டான். பிச்சுமணி உருண்டையைத் தண்ணீரில் ஆறப்போட்டுத் தட்டத்தில் வைக்க, அதை ஏந்திக்கொண்டு என்னிடம் குனிந்தான். அவன் இங்கே வந்தபோது பத்து வயது. தமிழ் நல்லாய்ப் பேசுவான், ஆனால் மனது உருகினால் ஆங்கிலம் வந்துவிடும்.

"அம்மா, இட் வாஸ் வதனி மாமீஸ் கொயின். அப்பா எனக்காகத் தந்திட்டார்" என்றான்.

ஓம் ராசா என்று அவனுடைய கன்னத்தைத் தடவினேன். சனமெல்லாம் உள்ளே போய்ச் சாமியறை வாசலில் வரிசையாக நின்று, பொன்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, பூவும் அறுகரிசியும் போடத் தொடங்கினார்கள். இவரைக் காணவில்லை. படம் பிடிக்கிற பிள்ளை அப்பா எங்கே என்று கேட்டது. அறைகளில் தேடினேன், கராஜில் தேடினேன். வீட்டின் பக்கவாட்டில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

வேலியோரத்தில், ஏசி மெசினுக்குப் பக்கத்தில், பட்டு வேட்டியோடு நின்று ஹோஸ் பைப்பைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தார். தலையால், தாடியால், வேட்டியால் எல்லாம் தண்ணீர் ஊற்றியது. எனக்கு உடனே தெரியவில்லை, முதலில் கோபம்தான் வந்தது. விசரோ உங்களுக்கு, சனம் வீடு நிறைய நிக்குது என்று பைப்பைப் பறிக்கப் போனேன்.

"கிட்ட வராதையும் ராணி. நான் முழுகாமல் உள்ளுக்கு வரக்கூடாது" என்றார்.

எங்கள் ஆட்கள் எங்கே போய்விட்டு வந்தால் முழுகாமல் வீட்டுக்குள் போகமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததா? சுடலைக்குப் போய்விட்டு வந்தால். ஆர் என்று கேட்டேன்.

வதனி என்றார்.

அவள் செத்துப் பதினேழு வருஷமாச்சே என்றேன். இல்லை என்றார். தண்ணீரை நிற்பாட்டாமலே சொன்னார். அந்தக் கிழமை வேலைக்குப் போகிற வழியில் போன் வந்திருக்கிறது. வவுனியா முகாமில் இருந்து ஒரு பெண். டொரொண்டோவில் யாரையோ பிடித்து இவருடைய இலக்கத்தை எடுத்திருக்கிறாள். அந்தக் கடலேரியில் வதனியை வேறொரு வள்ளம் தூக்கியிருக்கிறது. வன்னியில் கரையேறியவள் அங்கேயே இயக்கத்தில் போராளியாகச் சேர்ந்து, அவர்கள் வைத்த வேறு பெயரோடு இருந்திருக்கிறாள். அதனால்தான் பேப்பரில் வதனி என்று போட்டு விசாரித்தபோது ஒருவருக்கும் தெரியவில்லை. கலியாணம் கட்டவில்லை. கடைசி நாட்களில் பங்கர்க் குழிக்குள் கூட இருந்த இந்தப் பெண்ணிடம்தான் சொந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறாள். அண்ணா அமெரிக்காவில் டாக்டர் என்றும் சொல்லியிருக்கிறாள்.

"அப்ப நாங்கள் இருக்கிறது தெரியுமோ அவளுக்கு? ஏன் ஒரு கோல் எடுக்கேல்ல?"

"நான் எடுத்தால் அண்ணாவுக்கு அங்க கரைச்சல் வரும், அவர் நான் செத்துப்போனன் எண்டு நினைச்சுக்கொண்டு நிம்மதியாய் இருக்கட்டும் எண்டு சொன்னவளாம்" என்றார். நிம்மதி என்ற சொல்லை இரண்டு தரம் சொன்னார்.

மே மாத நடுவில் செல் குண்டு விழுந்து அவள் செத்திருக்கிறாள். உடம்பைப் பங்கர் வாசலிலேயே மண்ணைப் போட்டு மூடிவிட்டு இவர்கள் ஓடியிருக்கிறார்கள். எந்த இடம் என்று இனி அந்தப் பெண்ணுக்கே காட்டத் தெரியாது.

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. கோயிலுக்குள் வராதது, சாமியறைக்குப் போகாதது, தாடி, விளக்கேற்றாதது, தட்டத்தைத் தொடாதது. சாவைக் கேட்டவர் தானே ஒருவராகத் துடக்கைக் காத்திருக்கிறார். வெளியே சொன்னால் கலியாணம் நின்றுவிடும், சம்பந்தி பாராமலே போய்விடுவார் என்று வாயைப் பூட்டியிருக்கிறார். அதோடு இன்னொன்றும் விளங்கியது. அது விளங்கியதும் எனக்கு உடம்பெல்லாம் நெருப்பெடுத்தது.

"என்ர பிள்ளையின்ர பொன்னுருக்கை நீங்கள் சுடலையாக்கிப் போட்டியளே" என்றேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும்.

"ஓம்" என்றார். "பவுண் சாமியறையில அப்பிடியே கிடக்கு. நான் தொடேல்ல. தாலியை அதில செய்விக்கலாம். இதைக் கொண்டுபோய்க் கடலில போட வேணும்."

"காசை எரிக்கத்தான் வேணுமெண்டால் கராஜில வைச்சு எரிச்சிருக்கலாமே. நாலு சனத்துக்கு முன்னால, நல்ல நேரத்தில, என்ர பிள்ளையின்ர காரியத்திலயோ?"

அப்போதுதான் அவர் தண்ணீரை நிற்பாட்டினார். முகம் முழுக்க ஈரம், அழுதாரோ இல்லையோ என்று சொல்ல ஏலாது.

"நாலு சனம் வேணும் ராணி. ஒருதரும் இல்லாமல்தானே அவளை மண்ணுக்க போட்டவை. கராஜில நான் தனிய நிண்டு எரிச்சால் அது என்ன எரிப்பு? எங்கட ஆக்கள் சுத்தி நிக்க ஒரு நெருப்பு இந்த டெக்சாஸில எனக்கு வேற எப்ப கிடைக்கும்?"

அவர் செய்தது சரி என்று நான் சொல்லமாட்டேன். ஒரு தாயாக எனக்கு வயிறு எரிந்தது. அதே வயிற்றுக்குள் வதனியும் நின்றாள். சேந்தனின் சோற்றுக் கோப்பையை என் கையில் இருந்து பறித்துக்கொண்டு, நீங்கள் தீத்தினால் அவன் தின்னமாட்டான் மச்சாள் என்று சொல்லிக்கொண்டு நின்றாள். அவள் பதினேழு வருஷம் சோறு தின்று, நித்திரை கொண்டு, எங்களை நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அவள் செத்துவிட்டாள் என்று இந்த மனுசனுக்கு அத்தனை வருஷமும் திரும்பத் திரும்பச் சொன்னவள் நான்.

உடுப்பை மாற்றிக்கொண்டு மேலே போய்ப் படுங்கோ, வெயில் பட்டுத் தலையைச் சுத்திப்போட்டுது எண்டு நான் சொல்லுறன் என்றேன். சம்பந்தி தாலி ஏறுவதைப் பார்க்கும் மட்டும் இது எங்கள் இரண்டு பேரோடும் இருக்கட்டும் என்றேன். அவர் தலையை ஆட்டினார். கேட்ட காதுக்குத் துடக்கு என்றால் இப்போது எனக்கும் துடக்கு. முழுக எனக்கு நேரமில்லை. சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

வரிசை முடிந்திருந்தது. சாமியறைக்குள் நான் காலை வைக்கவில்லை. வாசலிலேயே நின்றேன். சேந்தன் தட்டத்தை ஏந்தியபடி நின்றான். அந்த உருண்டை பூவுக்குள் புதைந்து கிடந்தது. மல்லிகை, ரோசா, கொஸ்ட்கோ கடையில் வாங்கிய செவ்வந்தி. வீடு நிறைந்த சனம் ஒவ்வொருவராக வந்து குனிந்து, கண்ணில் ஒற்றி, பூப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவருக்கும் தெரியாது. பங்கர் வாசலில் ஒரு கைப்பிடி பூக்கூடக் கிடைக்காதவளுக்கு இத்தனை பூ.

"அம்மா, நீங்கள் மட்டும்தான் போடேல்ல" என்றான் சேந்தன். பக்கத்தில் பர்வதம் அன்ரி அரிசிக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நின்றா.

அரிசியை அள்ளினேன். நேர்க்கையால் போடத்தான் நினைத்தேன், என் பிள்ளையின் சடங்கு. கை வரவில்லை. மணிக்கட்டைப் புறத்தாலே திருப்பி, விரல்களின் வெளிப்பக்கத்தால், மெல்ல அந்தப் பொன்னுக்கு மேலே விட்டேன். அரிசி பூக்களுக்கு ஊடாகச் சறுக்கி உள்ளே போனது.

பர்வதம் அன்ரி என் கையைப் பார்த்தா. பிறகு என் முகத்தைப் பார்த்தா. எத்தனை செத்தவீட்டில் அந்தக் கைத்திருப்பலைக் காட்டிக் கொடுத்தவ. கிண்ணத்தை இடது கைக்கு மாற்றி, தானும் ஒரு பிடி அரிசி எடுத்து, ஏற்கனவே நேர்க்கையால் ஒருதரம் போட்டவ, இப்போது கையைத் திருப்பி இன்னொருதரம் போட்டா.

"தாங்க்ஸ் அன்ரி" என்றான் என் மகன்.